சரிவில் கருங்கடுகு, பாத்தியில் பழுப்புக் கடுகு

தென் கலிபோர்னியாவில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு சரிவு இருக்கிறது. குளிர்கால மழை ஓய்ந்து மார்ச் பிறந்தால் முழுக்க மஞ்சள், பெரும்பாலும் கருங்கடுகு. விதைக்காமலே இவ்வளவு விளைந்து நிற்கும்போது, தாளிப்புக்கென்று தனியாகக் கடுகு விதைப்பானேன் என்றுதான் முதலில் நினைத்தேன். இரண்டு பருவம் இரண்டையும் அறுத்துப் பார்த்தபின் என் ஓட்டு பழுப்புக் கடுகுக்கே.

பெயர்க் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். இந்திய மளிகைக் கடையில் நாம் வாங்குவது பார்வைக்குக் கறுப்பாக இருந்தாலும் பெரும்பாலும் பழுப்புக் கடுகு இனம்தான். ராஜஸ்தானில் ஏராளமாக விளைவதும் அதுவே. கருங்கடுகு மத்தியதரைக் கடல் பக்கத்துச் செடி. இரண்டும் ஒன்றுக்கொன்று அந்நியமல்ல. கருங்கடுகின் 8 இணைக் குரோமோசோம்களும் டர்னிப் இனத்தின் 10 இணைகளும் சேர்ந்து உருவானதே பழுப்புக் கடுகு என்பதை 1935இல் உ நாகஹாரு என்ற தாவரவியலாளர் விளக்கினார்.

காரத்தில் பெரிய வித்தியாசமில்லை. மூக்கில் ஏறும் அந்த நெடி இரண்டிலும் ஒரே வேதிப்பொருளிலிருந்துதான் பிறக்கிறது. கருங்கடுகின் மணி இன்னும் பொடிசு. முறத்தில் புடைத்தால் பதரோடு பாதி போய்விடுகிறது.

எனக்கு முடிவைச் சொன்னது காய்தான். கருங்கடுகின் காய் ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளத்தில் தண்டோடு ஒட்டி நிற்கும். அடியில் காய் முற்றும்போது நுனியில் இன்னும் பூ இருக்கும். நுனியும் காயட்டும் என்று காத்திருந்தால், கை பட்டதுமே காய் வெடித்து மணி மண்ணுக்குப் போகிறது. போன ஜூனில் பழைய படுக்கை விரிப்பைத் தரையில் விரித்துவிட்டு, என்னைவிட உயரமான தண்டுகளை ஒவ்வொன்றாக அறுத்தேன். விரிப்பில் விழுந்ததைவிடக் காலணிக்குள் விழுந்தது அதிகம். அரை நாள் உழைப்புக்குக் கிடைத்தது முக்கால் டம்ளர். பழுப்புக் கடுகின் காய் நீளமானது, அவ்வளவு சீக்கிரம் வாய் திறக்காது. காய் மஞ்சளானதும் அறுத்து, கட்டாகக் கட்டித் தலையணை உறைக்குள் தலைகீழாகத் தொங்கவிட்டேன். இரண்டு வாரம் கழித்து உறையோடு அடித்ததில் ஊறுகாய் பாட்டில் நிறைந்தது. ரொம்பக் காயவிட்டால் இதுவும் சிந்தும்தான். அறுவடை இயந்திரங்கள் வந்தபின், 20ஆம் நூற்றாண்டின் நடுவில், ஐரோப்பாவில் கருங்கடுகுச் சாகுபடி பழுப்புக் கடுகுக்கு இடம் விட்டதும் இந்தச் சிதறலால்தான்.

சிதறியது நஷ்டத்தோடு போவதுமில்லை. அடுத்த மழைக்கு இந்த மண்ணின் சொந்தச் செடிகளை முந்திக்கொண்டு முளைக்கிறது. மற்ற விதைகளை முளைக்கவிடாத பொருளையும் மண்ணில் சேர்க்கிறது. கோடையில் காய்ந்த தண்டுகள் காட்டுத்தீக்கு நல்ல விறகு. வீட்டை ஒட்டிய சரிவு என்பதால், வெயில் ஏறுமுன் வெட்டிச் சுமக்கும் வேலை என் தலையில். கருங்கடுகு இலவசம் என்று இனி யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம்.

அழகில் சரிவுதான் ஜெயிக்கும். தேனீக்கள் மொய்க்கும் அந்த மஞ்சளுக்கு என் பாத்தி ஈடாகாது. எண்ணெய்க்கு எது மேல் என்று கேட்டால், நான் ஆட்டிப் பார்த்ததில்லை. நான் பேசுவது ஒரே ஒரு பாத்தியை வைத்து.

இந்த ஜனவரியில் அந்தப் பாத்தியில் களையெடுத்தேன். வரிசைக்கு வெளியே கடுகுக் கன்றுகள். இலையைத் தடவினால் சொரசொரப்பு. என் காலணியில் ஏறி வந்த கருங்கடுகுதான்.