நூறு வருஷப் பெட்டகத்தில் ஸ்டார் ஸ்க்ரூ

வீட்டைக் கிராமத்துப் பாணியில் வைக்கப் பழைய மரச்சாமான் தேடுகிறீர்களா? யாருக்கும் ஜிபே போடும் முன் இதைப் படித்துவிடுங்கள். 38,000 ரூபாய் கொடுத்துத் தெரிந்துகொண்டது.

திருச்சியில் வாங்கிய ஃபிளாட்டில் ஹாலுக்கு ஆத்தங்குடிக் கல் போட்டோம். அதற்குப் பொருத்தமாக ஒரு பெட்டகமும் ஒரு பெஞ்சும் வேண்டும் என்று எனக்கு ஆசை. "இதெல்லாம் எங்க வீட்ல தொழுவத்துப் பக்கம் கெடந்துச்சு, இதுக்கா காசு?" என்றார் அத்தை. கேட்டிருக்கலாம்.

இன்ஸ்டாகிராமில் ஒரு விற்பனையாளர் கிடைத்தார். "செட்டிநாட்டு வீடு பிரிச்சப்ப எடுத்தது அக்கா, பர்மா தேக்கு, நூறு வருஷத்துக்கு மேல." நகரத்தார் வீடுகளுக்குப் பர்மாவிலிருந்து தேக்கு வந்ததும் உண்மை, அந்த வீடுகளைப் பிரித்து விற்பதும் உண்மை. காரைக்குடியில் பழைய சாமான் கடைகள் இருக்கும் முனீஸ்வரன் கோயில் தெருவுக்குப் போனவர்களுக்குத் தெரியும். ஊரறிந்த கதை என்பதால் சாமானையும் நம்பிவிட்டேன். முழுப் பணமும் முன்பே போனது.

வந்து இறங்கியதும் பெஞ்ச் ஆடியது. "கைவேலைன்னா அப்படித்தான்க்கா." மூடி சரியாக உட்காரவில்லை. "பழசுன்னா அப்படித்தான்." ஈரத்துணியால் துடைத்தால் டீ டிகாஷன் மாதிரி சாயம் இறங்கியது. "அது வருஷக்கணக்கா ஏறின அழுக்கு." புது சோபாவில் இதில் ஒன்று இருந்தாலும் திருப்பி அனுப்பியிருப்பேன். 'பழசு' என்று சொன்னதும் ஒவ்வொரு குறையும் எனக்கு அழகாகத் தெரிந்தது. அந்த ஆள் பிழைப்பதே அதில்தான்.

பத்து நாள் கழித்துப் பெட்டகத்தின் அடியில் மைதா மாதிரி நைஸான தூள். கூட்டினால் மறுநாளும் அதே இடத்தில் இருக்கும். தெரிந்த ஆசாரியை வரச் சொன்னேன். அடிப்பக்கம் உளியால் லேசாகச் சீவினார். உள்ளே வெள்ளை வெளேரென்று மரம். "தேக்கு எங்கம்மா இருக்கு? தூங்குமூஞ்சி மரம், அதுவும் வைரமில்லாத பாகம். வண்டு ஏறிடுச்சு." குண்டூசித் தலை அளவு ஓட்டைகளைக் காட்டி, தட்டிக் காட்டினார். தூள் கொட்டியது. கூட்டக் கூட்டப் புதுத் தூள் விழுந்தால் உள்ளே வண்டுப் புழு இன்னும் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தமாம். அவருக்குச் சிரிப்பு வந்தது கீலைப் பார்த்துத்தான். எட்டு ஸ்க்ரூவும் பிளஸ் தலை, அதாவது ஸ்டார் ஸ்க்ரூ. அந்த மாதிரி ஸ்க்ரூ அமெரிக்காவில் வந்ததே 1930களில். பின்னால் ரிப்பேர் செய்து மாட்டியிருக்கலாமே என்றேன். "அப்ப பழைய ஆணி அடிச்ச ஓட்டை எங்க?"

பில்லை எடுத்துப் பார்த்தேன். 'மரப்பெட்டி - அலங்காரப் பொருள்' என்று மட்டும். தேக்கு இல்லை, வருஷம் இல்லை. வாய்ஸ் மெசேஜில் சொன்னதெல்லாம் பில்லில் ஏறவே இல்லை. ஆகவே வாங்குகிறவர்கள் மரத்தின் பெயரையும் வயதையும் பில்லில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். நேரில் போனால் முகப்பைப் பார்க்காதீர்கள்; கவிழ்த்து அடியையும் முதுகையும் பாருங்கள். எனக்கு வந்ததில் முதுகுப் பலகை பிளைவுட், பிரவுன் பெயின்ட் அடித்தது. இதை நான் கவனித்ததே ஆசாரி வந்த பிறகுதான், வெட்கம்.

1915க்கு போன் செய்து நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்திருக்கிறேன். பதில் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம்தான். 5 லட்சம் வரை கட்டணம் இல்லை, விற்றவர் எந்த ஊராக இருந்தாலும் நாம் இருக்கும் ஊரிலேயே போடலாம். வாய்ஸ் மெசேஜ்கள் அழிக்காமல் இருப்பது ஒன்றுதான் கையில் உள்ள பலம்.

பெட்டகம் இப்போது மொட்டை மாடியில், கதவு நிலைகளுக்கு வண்டு வராதபடி தார்ப்பாய் சுற்றிக் கிடக்கிறது. நேற்று அந்த விற்பனையாளரின் இன்ஸ்டாகிராம் பக்கத்தில் அதே அச்சில் இன்னொரு பெட்டகம் போட்டிருந்தார்கள், 'கடைசிப் பீஸ்' என்று. எனக்கு விற்றதும் கடைசிப் பீஸ்தான்.