ஹேபிட்டிக்கா வச்சு பரீட்சைக்கு படிக்கலாமா? என்னோட ரிவ்யூ

படிக்கிறதையே கேம் ஆக்கி லெவல், கோல்ட்னு குடுக்கிற ஆப் நிறைய இருக்கு, அதுல இது கொஞ்சம் பழைய ஆளு, 2013ல ஹேபிட்ஆர்பிஜின்னு வேற பேர்ல வந்துச்சு, ஓப்பன் சோர்ஸ் (கோட யாரு வேணா பாக்கலாம்), முக்கியமானது எல்லாம் காசு கட்டாமலே யூஸ் பண்ணலாம். நம்ம வேலைய ஹேபிட் (அப்பப்போ செய்யற பழக்கம்), டெய்லி (தவறாம செய்ய வேண்டியது), டு-டூ (ஒரு தடவ முடிச்சா போதும்)னு மூணா பிரிச்சு போடணும், முடிச்சு டிக் அடிச்சா எக்ஸ்பீரியன்ஸும் (லெவல் ஏத்துற பாயிண்ட்) கோல்டும் வரும். டெய்லிய செய்யாம விட்டா மறுநாள் நம்ம கேரக்டருக்கு ஹெல்த் குறையும், மொத்தமே 50 தான், அது காலியாச்சுன்னா ஒரு லெவல் இறங்கி சேத்து வச்ச கோல்ட் பூரா போயிடும். வலிக்கும்ங்க, நிஜமா.

எனக்கு ரொம்ப புடிச்சது கலர் மேட்டர். ஒரு டு-டூவ தள்ளிப்போட தள்ளிப்போட அது மஞ்சள்ல இருந்து ஆரஞ்சு, சிவப்புன்னு மாறிட்டே போகும், செவந்து போனத முடிச்சா பாயிண்ட் ஜாஸ்தி. அதனால பயந்து ஒதுக்கி வச்ச ஆர்கானிக் கெமிஸ்ட்ரி தான் லிஸ்ட்லயே லாபமான ஐட்டமா நிக்கும் (இத யோசிச்ச ஆளு ஒரு பாடத்தையாவது கடைசி நாள் வரைக்கும் தள்ளிப்போட்டிருப்பாருன்னு பந்தயம் கட்டுவேன்).

ஆனா நீங்க படிச்சீங்களா இல்லையான்னு ஆப்புக்கு தெரியாது. ஆடுறதும் நீங்கதான் அம்பயரும் நீங்கதான். "மூணாவது சாப்டர் படிக்கணும்"னு போட்டா சும்மா கண்ண ஓட்டிட்டு டிக் அடிச்சுடலாம், லெவல் ஏறும் மண்டைல ஒண்ணும் ஏறாது. அதுக்கு பதிலா "புக்க மூடிட்டு பத்து கேள்விக்கு பதில் எழுதியாச்சு", "நேத்து தப்பான கணக்க திரும்ப போட்டாச்சு"ன்னு போடுங்க. திரும்ப திரும்ப வாசிக்கிறத விட பாக்காம நினைவுபடுத்தி எழுதினது தான் ஒரு வாரம் கழிச்சும் நல்லா நிக்குதுன்னு ரோடிகர், கார்பிக்னு ரெண்டு சைக்காலஜி ஆராய்ச்சியாளர்கள் 2006லயே சோதிச்சு காமிச்சுட்டாங்க, அப்போ பாயிண்ட்டும் அதுக்கு தானே போகணும். இன்னொண்ணு, "பத்துக்கு எட்டு சரியா வரணும்"னு கண்டிஷன் வைக்காதீங்க, வச்சா கை தானா ஈசியான கேள்வியா பாத்து எடுக்க ஆரம்பிச்சுடும்.

ஃபிரண்ட்ஸ் சேந்து பார்ட்டின்னு ஒரு டீம் அமைச்சு, பாஸ்ங்கிற பெரிய வில்லன் கூட ஆப்புக்குள்ள சண்டை போடலாம். ஒருத்தர் டெய்லிய விட்டா பாஸ் எல்லாரையும் அடிக்கும், "டேய் ஏன்டா இன்னும் டிக் பண்ணல"ன்னு க்ரூப்ல மெசேஜ் பறக்கும். சோம்பேறிய எழுப்ப இத விட நல்ல வழி இல்ல, ஆனா காய்ச்சல்ல படுத்தவனுக்கு குற்ற உணர்ச்சி தான் மிச்சம், அந்த மாதிரி நாள்ல ஹெல்த் குறையறத தற்காலிகமா நிறுத்தி வைக்க ஒரு ஆப்ஷன் இருக்கு, முதல்லயே தேடி வச்சுக்கோங்க.

முட்டை, செல்லப்பிராணி, டிரெஸ்னு உள்ள நோண்டுறதுக்கு ஏகப்பட்டது இருக்கு, படிக்கிற நேரம் அதுலயே ஒழுகிடும், அது ஒரு ஓட்டை. போன எடுக்காம உக்காரணும், அவ்ளோ தான் பிரச்சனைன்னா ஃபாரெஸ்ட்னு இன்னொரு ஆப் போதும், அதுல மரம் நட்டுட்டு ஆப்ப விட்டு வெளிய போனா மரம் செத்துடும், அதுல நோண்ட பெருசா ஒண்ணும் இல்ல.

அஞ்சுக்கு நாலு குடுப்பேன், ஆனா பரீட்சைக்கு மாசக்கணக்குல டைம் இருக்கறவங்களுக்கு மட்டும். அடுத்த வாரமே பரீட்சைன்னா இன்ஸ்டாலே பண்ணாதீங்க, டாஸ்க் எல்லாம் டைப் பண்ணி கேரக்டருக்கு முடி கலர் மாத்தி முடிக்கிறதுக்குள்ள ஒரு சாயங்காலம் போயிடும், பேசாம ஒரு பேப்பர்ல கட்டம் போட்டு அடிச்சுக்கிட்டே வாங்க.