பேஸ்மேக்கர் லீட் சரியான இடத்தில்தான் இருக்கிறதா: எக்ஸ்ரே, எக்கோ, சிடி ஓர் ஒப்பீடு

காறை எலும்புக்குக் கீழே தோலுக்கடியில் வைக்கப்படும் பேஸ்மேக்கர் கருவி கைக்குத் தட்டுப்படும். அதிலிருந்து சிரை வழியாக இதயத்துக்குள் இறங்கும், ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் தடிமனே உள்ள லீட் எனும் மின்கம்பி எங்கே போய் நிற்கிறது என்பதைப் படம் பார்த்துத்தான் அறிய முடியும். கருவி இதயத்தைச் சரியாகத் துடிக்க வைக்கிறது, மின் அளவீடுகளும் நன்றாக உள்ளன என்பதாலேயே லீட் உரிய இடத்தில் இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. மேலறைகளுக்கு இடையிலுள்ள சிறு துளை வழியாக இடது கீழறைக்குள் தவறிப்போன லீட்டும் இதயத்தைத் துடிக்க வைக்கும். ஆனால் அதன்மேல் உறையும் இரத்தக்கட்டி மூளைக்குச் சென்று பக்கவாதத்தை உண்டாக்கலாம்.

முதல் சோதனை, பொருத்தும் நேரத்திலேயே, கேத் லேப் எனும் இதயச் சிகிச்சைக் கூடத்தில், ஃப்ளூரோஸ்கோபி எனும் தொடர் எக்ஸ்ரே காட்சியின் கீழ் நடக்கிறது. நேர்முகப் படம் மட்டும் பார்த்தால் வலது கீழறையின் நுனியும் இடது கீழறையின் நுனியும் ஏறக்குறைய ஒரே இடத்தில் தெரியும் என்பதால், எக்ஸ்ரே குழாயைச் சாய்த்துப் பார்ப்பது தவிர்க்க முடியாதது. இடப்புறமாக 40 பாகை சாய்க்கும்போது லீட்டின் முனை முதுகெலும்பை நோக்கினால் அது இரு கீழறைகளுக்கும் நடுவிலுள்ள இடைச்சுவரிலும், மார்பெலும்பை நோக்கினால் வலது கீழறையின் வெளிச்சுவரிலும் இருப்பதாகக் கொள்வது வழக்கம். லீட்டை ஒருமுறை நுரையீரல் தமனிவரை செலுத்திவிட்டுப் பிறகு கீழறைக்கு இறக்கும் மருத்துவர்கள், அது வலப்பக்கத்தில்தான் இருக்கிறது என்பதை அந்த ஒரே செயலால் உறுதி செய்துகொள்கிறார்கள். செலவில்லாத, நல்ல பழக்கம் அது. இருப்பினும் இதயம் மார்புக்குள் ஆளுக்கு ஆள் வெவ்வேறு கோணத்தில் திரும்பியிருப்பதால், ஃப்ளூரோஸ்கோபியில் இடைச்சுவர் என்று எண்ணப்பட்ட லீட்டுகளில் கணிசமானவை முன்சுவரிலோ, இரண்டு சுவர்களும் சேரும் மடிப்பிலோ இருப்பதைச் சிடி ஆய்வுகள் காட்டியிருக்கின்றன.

அடுத்தது மார்பு எக்ஸ்ரே. என் கணிப்பில், இந்த வரிசையில் மிகக் குறைவான செலவில் மிக அதிகம் சொல்வது இதன் பக்கவாட்டுப் படம்தான்; அடிக்கடி விடுபட்டுப் போவதும் அதுவே. வலது கீழறை லீட்டின் முனை பக்கவாட்டுப் படத்தில் முன்புறமாக, மார்பெலும்பை ஒட்டி நிற்கும். இடது கீழறைக்குள்ளோ இதயத்தின் பின்புறச் சிரையான கரோனரி சைனஸுக்குள்ளோ போன லீட் பின்னோக்கி வளையும். நேர்முகப் படத்தில் மறைந்திருந்த தவறு இங்கே ஒரே பார்வையில் புலப்பட்டுவிடும். புதிதாகக் கருவி பொருத்தியவர் அந்தப் பக்கக் கையைத் தோளுக்கு மேல் தூக்கக் கூடாது என்ற அறிவுரையால், கைகளை உயர்த்தி எடுக்க வேண்டிய பக்கவாட்டுப் படத்தையே சிலர் கைவிட்டுவிடுகிறார்கள். அந்த ஒரு கையைத் தாழ்த்தி வைத்துக்கொண்டே அப்படத்தை எடுக்கலாம். நுரையீரலைச் சுற்றிக் காற்று புகுந்திருக்கிறதா, லீட் நகர்ந்துவிட்டதா, கருவி சுழன்று லீட் முறுக்கிக்கொண்டதா என்பவற்றையும் எக்ஸ்ரே காட்டுகிறது. பொருத்திய மறுநாள் எடுத்த படத்தைப் பத்திரப்படுத்தி வைத்தால், பிற்காலத்தில் ஐயம் எழும்போது ஒப்பிட்டுப் பார்க்க அதைவிடப் பயனுள்ள ஆவணம் வேறில்லை. எனினும் எக்ஸ்ரே நிழலை மட்டுமே காட்டும். இதயத்தின் சுவரையோ அறைகளையோ காட்டாது.

அந்தக் குறையை, ஒலி அலைகளால் இதயத்தைப் படம்பிடிக்கும் எக்கோ நிரப்புகிறது. கதிர்வீச்சு இல்லை, படுக்கையருகே கொண்டுவரலாம், லீட் எந்த வால்வைக் கடந்து எந்த அறைக்குள் போகிறது என்பதை நேரடியாகக் காணலாம். லீட் இடது மேலறைக்கும் இடது கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வைக் கடந்து செல்வது தெரிந்தால் கேள்வி அங்கேயே முடிந்துவிடுகிறது. மார்பின்மேல் வைத்துப் பார்க்கும் எக்கோ தெளிவாக இல்லையென்றால் உணவுக்குழாய் வழி எக்கோ பெரும்பாலும் தீர்த்துவைக்கும். பொருத்திய பின் இரத்த அழுத்தம் திடீரென்று இறங்கும் நோயாளிக்கு, இதய உறைக்குள் இரத்தம் சேர்கிறதா என்று பார்க்க எக்கோவுக்கு இணையாக வேறொன்றைச் சொல்ல முடியாது. மார்பின் இடப்பக்கக் கட்டு இடைஞ்சலாக இருந்தால் விலா எலும்புகளுக்குக் கீழிருந்து மேல்நோக்கிப் பார்க்கலாம். பலவீனம் ஒன்றுண்டு: உலோகத்தின் எதிரொலியால் லீட்டின் நுனி எது, நடுப்பகுதி எது என்று பிரித்தறிவது கடினம்.

சுவரைத் துளைத்து நுனி வெளியே வந்துவிட்டதா என்ற கேள்விக்கு, ஈசிஜியோடு ஒத்திசைத்து எடுக்கும் சிடி ஸ்கேனே மற்றவற்றைவிடத் தெளிவான விடை தரும். ஆனால் அதன் கதிர்வீச்சு ஒரு மார்பு எக்ஸ்ரேயைப்போல் பல மடங்கு. மேலும் உலோகத்தைச் சுற்றித் தோன்றும் கீற்றுகள் நாம் பார்க்க விரும்பும் நுனியையே மங்கலாக்குகின்றன. அதிர்ச்சி கொடுக்கும் சுருள் பொருந்திய டிஃபிப்ரிலேட்டர் லீட்டுகளில் இந்தத் தொல்லை இன்னும் அதிகம். எந்த அறிகுறியும் இல்லாதவரிடம், மின் அளவீடுகள் மாறாமலிருக்கையில், நுனி சுவரைத் தாண்டியிருப்பதுபோல் சிடியில் தெரிவதும் உண்டு. அந்தப் படத்தை மட்டும் நம்பி லீட்டைப் பிடுங்கி மாற்ற முனைவது சரியல்ல என்பது என் உறுதியான கருத்து.

ஆகவே எல்லோருக்கும் இரு கோண எக்ஸ்ரே. ஈசிஜியில், வலது கீழறையிலிருந்து துடிப்பு தொடங்கும்போது வழக்கமாக வரும் இடது கிளைத் தடை வடிவத்துக்குப் பதிலாக, இடது கீழறையிலிருந்து தொடங்குவதைக் குறிக்கும் வலது கிளைத் தடை வடிவம் தெரிந்தால், வலது கீழறை லீட்டிலேயே சில நேரம் அப்படி வரக்கூடும் என்றாலும், தவறாமல் எக்கோ. நெஞ்சுவலியோ, விக்கலைப் போன்ற உதரவிதானத் துடிப்போ, மாறிய அளவீடுகளோ இருந்து எக்கோவில் காரணம் புலப்படாவிட்டால் மட்டுமே சிடி என்ற வரிசையையே நான் தேர்ந்தெடுப்பேன்.