வேட்டையா, கான்வாயா? நீர்மூழ்கிகளிடமிருந்து கப்பல்களைக் காத்த வழி எது

முதல் உலகப் போரின்போது, 1917 ஏப்ரலில் மட்டும் 8 லட்சம் டன்னுக்கும் அதிகமான வணிகக் கப்பல்களை ஜெர்மன் நீர்மூழ்கிகள் மூழ்கடித்தன. பிரிட்டனிலிருந்து பெருங்கடலுக்குக் கிளம்பிய கப்பல்களில் நான்கில் ஒன்று திரும்பவில்லை. மாதம் 6 லட்சம் டன் வீதம் ஐந்து மாதம் மூழ்கடித்தால் பிரிட்டன் பணிந்துவிடும் என்பது ஜெர்மன் அட்மிரல் ஹோல்ட்செண்டார்ஃபின் கணக்கு. அது பலித்துவிடும் போலிருந்தது. லண்டனில் அப்போது இரண்டு யோசனைகள் மோதிக்கொண்டிருந்தன: நீர்மூழ்கிகளைத் தேடிப்போய் அழிப்பது ஒன்று, வணிகக் கப்பல்களைக் கூட்டமாகச் சேர்த்து, போர்க்கப்பல் காவலோடு அனுப்பும் கான்வாய் இன்னொன்று.

பிரிட்டிஷ் கடற்படைத் தலைமையின் மனம் வேட்டையின் பக்கமே சாய்ந்தது. சரக்குக் கப்பலுக்குப் பக்கத்தில் மெதுவாக ஊர்வது போர்வீரனுக்கு அழகல்ல என்று பல அதிகாரிகள் நினைத்தார்கள். நெப்போலியன் காலத்தில் இதே கடற்படை கான்வாயைச் சட்டம் போட்டே நடத்தியது என்பதை நூறு ஆண்டுகளில் மறந்துவிட்டார்கள்.

வேட்டையின் பலன் என்ன? 1916 செப்டம்பரில் ஒரு வாரம், ஆங்கிலக் கால்வாயில் மூன்றே மூன்று ஜெர்மன் நீர்மூழ்கிகள் திரிந்தன. அவற்றைத் தேடி டெஸ்ட்ராயர்கள் எனப்படும் வேகமான போர்க்கப்பல்கள், டார்பிடோ படகுகள், ஆயுதம் பூட்டிய துணைக் கப்பல்கள் என்று 500க்கும் மேற்பட்டவை அலைந்தன. மூன்றும் சேர்ந்து சுமார் 30 கப்பல்களை மூழ்கடித்துவிட்டு, கீறல் இல்லாமல் தப்பின. தண்ணீருக்குள் இருப்பதைக் கண்டறியச் சரியான கருவி இல்லாத காலம் அது. ரோந்துக் கப்பல் தொலைவில் தெரிந்ததும் நீர்மூழ்கி அடியில் இறங்கிவிடும். அது கடந்து போனதும் மேலே வந்து வேலையைத் தொடரும்.

கான்வாய்க்கு எதிராகச் சொன்ன காரணங்களும் அற்பமானவை அல்ல. மிக மெதுவான கப்பலின் வேகத்தில்தான் எல்லாமே போக வேண்டும். மொத்தமாக வந்து சேர்வதால் துறைமுகத்தில் நெரிசல். வணிகக் கப்பல் கேப்டன்களுக்கு அணிவகுத்துப் போய்ப் பழக்கமில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, வாரம் 2,500 கப்பல்கள் வந்து போகின்றன, அத்தனைக்கும் காவல் கொடுக்க முடியாது என்ற வாதம். ரெஜினால்ட் ஹெண்டர்சன் என்ற அதிகாரி அந்த எண்ணைப் பிரித்துப் பார்த்தார். கரையோரச் சிறு படகுகளின் போக்குவரத்தெல்லாம் அதில் சேர்ந்திருந்தது. காவல் தேவைப்படும் பெருங்கடல் கப்பல்கள் வாரத்துக்கு 140 அளவில்தான். ஒரு பேரரசின் உயிர்நாடி இப்படி ஒரு தப்பான கூட்டலை நம்பி இருந்திருக்கிறது என்பதை இன்று படித்தாலும் மனம் பதறுகிறது.

பிரான்ஸுக்கு நிலக்கரி ஏற்றிப்போன கப்பல்கள் பிப்ரவரியிலேயே காவலோடு போகத் தொடங்கியிருந்தன. அவற்றின் இழப்பு நூற்றுக்கு ஒன்றுகூட இல்லை. மே 10 அன்று ஜிப்ரால்டரிலிருந்து கிளம்பிய சோதனைக் கான்வாய் ஒரு கப்பலையும் இழக்காமல் பிரிட்டன் சேர்ந்தது.

கான்வாய் ஜெயித்ததற்குக் காவல் கப்பல்களின் பீரங்கியை மட்டும் காரணமாகச் சொல்வது பாதி உண்மைதான். கடலின் பரப்பே பெரிய காரணம். இருபது கப்பல்கள் தனித்தனியாகப் போனால் எதிரியின் கண்ணில் பட இருபது வாய்ப்பு. ஒன்றாகப் போனால் கிட்டத்தட்ட ஒரே வாய்ப்பு, ஏனென்றால் தனிக் கப்பல் தெரியும் தூரத்தைவிடக் கூட்டம் சற்றுத்தான் கூடுதல் தூரத்தில் தெரியும். நீர்மூழ்கிகளுக்குக் கடல் திடீரென்று வெறிச்சோடிப் போனது. அப்படியே ஒரு கூட்டம் அகப்பட்டாலும், ஓரிரு டார்பிடோ விட்டதும் காவல் கப்பல்கள் பாய்ந்து வரும். மற்றக் கப்பல்கள் கடந்து போய்விடும். நீர்மூழ்கி எங்கே என்று தேட வேண்டியதில்லை, அதுவே காவல் இருக்கும் இடத்துக்கு வந்தாக வேண்டும்.

இவ்வளவு தெரிந்த பிறகும் இரண்டாம் உலகப் போரில், 1942ல், அமெரிக்கா அதே தவறைச் செய்தது. கிழக்குக் கரையில் கப்பல்கள் தனித்தனியாகப் போயின; கரையோர நகரங்களின் விளக்குகள்கூட அணைக்கப்படவில்லை. ரோந்துக்குப் போன ‘ஜேக்கப் ஜோன்ஸ்’ என்ற டெஸ்ட்ராயரே பிப்ரவரி 28 அன்று டார்பிடோவுக்கு இரையானது. மே மாதம் கரையோரக் கான்வாய்கள் தொடங்கிய பிறகுதான் அந்தப் பக்கம் இழப்பு குறைந்தது. அதே ஆண்டு ஜூலையில் ஆர்க்டிக் கடலில் பிக்யூ-17 கான்வாயைக் கலைந்து போகச் சொல்லி லண்டனிலிருந்து உத்தரவு போனது. சுமார் 35 வணிகக் கப்பல்களில் 24 அழிந்தன, பெரும்பாலானவை கலைந்த பிறகு. இரண்டு உலகப் போர்களிலும் பிரிட்டிஷ் கப்பல்களில் வேலை பார்த்த இந்திய லஸ்கார் மாலுமிகள் ஆயிரக்கணக்கில் இறந்தார்கள். வேட்டையின் கௌரவத்துக்கு விலை கொடுத்தவர்களில் அவர்களும் உண்டு.

பிறகு, பிரிட்டிஷ் கடற்படைக்காகக் கணக்குப் பார்த்த இயற்பியலாளர் பிளாக்கெட்டின் குழு இன்னொன்றைக் கண்டது. சராசரியாக 32 கப்பல் கொண்ட கான்வாய்களில் இழப்பு 2.5 சதவீதம், 54 கப்பல் கொண்டவற்றில் 1.1 சதவீதம். கூட்டம் பெருத்தாலும் சுற்றளவு அந்த அளவுக்குப் பெருகாது. காவலுக்குக் கூடுதலாகச் சில கப்பல்களே போதும்.

அதற்காக வேட்டையை ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. 1943ல் ரேடார், நெடுந்தூர விமானங்கள், எதிரியின் வானொலி இருக்கும் திசையைக் காட்டும் கருவி, உடைக்கப்பட்ட சங்கேதச் செய்திகள் எல்லாம் கைக்கு வந்தபோது வேட்டைக்கும் பலன் கிடைத்தது. அந்த ஆண்டு மே மாதம் மட்டும் ஜெர்மனி 40க்கும் மேற்பட்ட நீர்மூழ்கிகளை இழந்தது. அப்போதும் அவற்றில் பல மூழ்கியது கான்வாய்களைச் சுற்றி நடந்த சண்டைகளில்தான். அமெரிக்க எஸ்கார்ட் கேரியர் (சிறிய விமானம்தாங்கிக் கப்பல்) குழுக்கள், மற்ற நீர்மூழ்கிகளுக்குக் கடல் நடுவே எரிபொருள் கொடுக்கும் நீர்மூழ்கிகளைத் தேடிப் பிடித்தன என்றால், எங்கே தேடுவது என்று அவற்றுக்கு முன்பே தெரிந்திருந்தது. 1917ல் அந்தத் தகவலும் கருவியும் இல்லாத நிலையில் டெஸ்ட்ராயர்களை ரோந்துக்கு அனுப்பியதை என்னால் எந்த வகையிலும் நியாயப்படுத்த முடியவில்லை.