ஃபீனெக்ஸ்: குறியிடலுக்கு முன் செய்ய வேண்டிய அமைப்புகள்

மீன்களின் உடற்கூற்றுப் பண்புகளை ஆய்வுக் கட்டுரைகளிலிருந்து எடுத்து, கணினி தேடவும் ஒப்பிடவும் கூடிய வடிவில் குறியிடுவதற்கு ஃபீனெக்ஸ் என்னும் மென்பொருளைப் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தி வருகிறேன். ஃபீனோஸ்கேப் திட்டத்தில் உருவாகி, 2010இல் பிளாஸ் ஒன் இதழில் அறிமுகமான இது, ஜாவாவில் இயங்கும் திறமூல மென்பொருள். புதிதாக இதைத் தொடங்குவோரிடம் நான் வற்புறுத்துவது ஒன்றுதான்: எந்தெந்த ஆன்டாலஜிகளை, அதாவது ஒவ்வொரு சொல்லுக்கும் தனி எண் கொடுத்து அவற்றின் தொடர்புகளையும் வரையறுக்கும் கலைச்சொல் தொகுப்புகளை, ஏற்றுவது என்பதை முடிவு செய்த பிறகே முதல் பண்பைத் தொடுங்கள்.

காரணம் இதுதான். ஃபீனெக்ஸ் ஒவ்வொரு பண்புநிலையையும் உறுப்பு, தன்மை என்று பிரித்தே கேட்கிறது. விலாங்கு மீனுக்கு இடுப்புத் துடுப்பு இல்லை என்று ஒரு கட்டுரை சொல்வதாக வைத்துக்கொள்வோம். உறுப்புக் கட்டத்தில் ஊபரான் என்னும் விலங்கு உடற்கூற்று ஆன்டாலஜியில் 0000152 என்ற எண் பெற்ற இடுப்புத் துடுப்பும், தன்மைக் கட்டத்தில் பேட்டோ என்னும் தன்மைகளுக்கான ஆன்டாலஜியில் 0000462 என்ற எண் பெற்ற இல்லாமையும் இடம்பெற வேண்டும். நாம் சில எழுத்துகளைத் தட்டியதும் விரியும் பட்டியல், ஏற்றிவைத்த ஆன்டாலஜிகளிலிருந்தே வருகிறது. ஊபரானோடு சீப்ரா மீனுக்கென உள்ள தனி ஆன்டாலஜியையும் ஏற்றினால், அதே துடுப்பின் பெயர் வேறோர் எண்ணுடன் இன்னொரு முறை வந்து நிற்கும். இருவர் ஆளுக்கொன்றைத் தேர்ந்தெடுத்துவிட்டால், ஒரே உண்மை தரவில் இரண்டாகப் பிரிந்து, பின்னர் தேடும்போது பாதிதான் கிடைக்கும். ஆய்வுக்குரிய உயிரினக் குழுவுக்குத் தேவையானவற்றை மட்டும் ஏற்றும்படி அமைக்க முடிவதையே இந்த மென்பொருளின் மிகப் பெரிய பலமாகக் கருதுகிறேன். நினைவகம் மிச்சமாவதும் விரைவாகத் திறப்பதும் கூடுதல் வசதிகள்.

இரண்டு எலும்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பது போன்ற பண்புகளில் இன்னும் கவனம் தேவை. இணைந்திருத்தல் என்பது தொடர்பைக் குறிக்கும் தன்மை. எந்த எலும்போடு என்பதற்கான இரண்டாவது உறுப்பையும் நிரப்பாவிட்டால் குறியிடல் அரைகுறையாகவே நிற்கும். 'பெரியது' என்று மட்டும் எழுதப்பட்ட பண்புநிலைகளில் எதனோடு ஒப்பிட்டுப் பெரியது என்ற கேள்விக்கு எந்த அமைப்பும் விடை தராது. கட்டுரையைத் திரும்பப் படிப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆசிரியரின் மூல வாசகமும் குறியிடலும் ஒரே கோப்பில் சேர்ந்தே இருப்பதால், பின்னால் சரிபார்ப்பவருக்கு நம் முடிவின் அடிப்படை புலப்படுகிறது. இதை நான் மிகவும் மதிக்கிறேன்.

ஆன்டாலஜிகள் தொடர்ந்து திருத்தப்படுகின்றன. சில சொற்கள் பிரிக்கப்படுகின்றன, சில ஒன்றாக்கப்படுகின்றன, சில கைவிடப்படுகின்றன. எனவே ஒரு கட்டுரையின் குறியிடல் முடியும்வரை குழுவினர் அனைவரும் ஒரே பதிப்பையே பயன்படுத்துவதும், அந்தப் பதிப்பின் கோப்பை, குறியிடலைச் சேமித்துவைக்கும் நெக்ஸ்எம்எல் வடிவக் கோப்பு இருக்கும் அடைவிலேயே தேதியோடு சேமித்துவைப்பதும் எங்கள் வழக்கம்.