ஷோத்கங்கா: சிற்றூரில் இருந்து ஆய்வு செய்பவர்களுக்கான நூலகம்

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்யப்போகிறேன் என்று மாணவிகள் யாராவது வந்து சொன்னால், "ஷோத்கங்காவில் பார்த்தாச்சா?" என்றுதான் முதலில் கேட்பேன். தலைப்பு, நெறியாளர் எல்லாம் அப்புறம்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்தியப் பல்கலைக்கழகங்கள் பட்டம் வழங்கிய ஆய்வேடுகளைத் திரட்டி வைத்திருக்கும் இணையக் களஞ்சியம் இது. காந்திநகரில் உள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்துகிறது. ஆய்வேட்டின் மின்பிரதியைக் கட்டாயம் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2009 இல் விதி கொண்டுவந்தது. இன்று 5 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் இதில் இருக்கின்றன. கட்டணம் கிடையாது, கணக்குத் தொடங்க வேண்டாம், கைப்பேசியிலேயே திறக்கலாம்.

தென்காசிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் தமிழ்த் துறைக் கௌரவ விரிவுரையாளராக இருந்துகொண்டு பகுதிநேரமாக ஆய்வு செய்கிறேன். மே மாதம் சம்பளம் இல்லாத வேலை. உதவிப் பேராசிரியர் பணிக்கு நெட் அல்லது செட் தகுதித் தேர்வில் தேர்ச்சி போதும் என்று மானியக் குழு 2023 இல் சொல்லிவிட்டது. ஆனாலும் வேலை கேட்டுப் போகிற இடத்தில் "பிஎச்டி முடிச்சாச்சா?" என்று கேட்காதவர்கள் இல்லை. அதனால் வகுப்பு, விடைத்தாள், வீடு எல்லாவற்றுக்கும் இடையில்தான் ஆய்வு நடக்கிறது. முன்பெல்லாம் ஒரு பழைய ஆய்வேட்டைப் பார்க்க மதுரைக்கோ சென்னைக்கோ பஸ் ஏற வேண்டும். கடிதம் கொடுத்து, அனுமதி வாங்கி, அங்கேயே உட்கார்ந்து கையால் எழுதிக்கொண்டு வர வேண்டும். ஜெராக்ஸ் எடுக்க விடமாட்டார்கள். விடுதிச் செலவும் விடுப்பும் கைக்கு எட்டியவர்களுக்கே முன்னாய்வு இயல் (ஏற்கெனவே வந்த ஆய்வுகளை அலசும் பகுதி) ஒழுங்காக அமையும் என்ற நிலையை இந்தத் தளம் பெரிய அளவில் மாற்றியிருக்கிறது. இதற்காகவே எத்தனை முறை வேண்டுமானாலும் நன்றி சொல்வேன்.

பயன்படுத்தும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல்கலைக்கழகம், அதற்குள் துறை, அதற்குள் ஆய்வேடுகள் என்று அடுக்கியிருக்கிறார்கள். ஓர் ஆய்வேட்டைத் திறந்தால் முழுப் புத்தகமாக வராது. தலைப்புப் பக்கம் ஒரு கோப்பு, சான்றிதழ் ஒன்று, பொருளடக்கம் ஒன்று, ஒவ்வொரு இயலும் தனித்தனி பிடிஎஃப். வேகம் குறைந்த இணைப்பில் இது வசதிதான். கடைசியில் 80 என்ற எண்ணோடு 'ரெகமண்டேஷன்' என்று ஒரு கோப்பு கிடக்கும். பலர் அதைத் தொடுவதே இல்லை. பெரும்பாலும் தலைப்புப் பக்கமும் முடிவுரையும் அதில் சேர்ந்தே இருக்கும். நான் அதைத்தான் முதலில் திறப்பேன். அந்த ஆய்வாளர் எங்கே போய்ச் சேர்ந்தார், 'மேலாய்வுக் களங்கள்' என்று எதையெல்லாம் விட்டுவைத்தார் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும். அடுத்தது துணைநூற்பட்டியல். ஒரே பொருளில் நான்கைந்து ஆய்வேடுகளின் துணைநூற்பட்டியலை அருகருகே வைத்துப் பார்த்தால், எல்லாரும் படித்த நூல் எது, ஒருவர் மட்டும் தேடிப்பிடித்த கட்டுரை எது என்று பிரித்துவிடலாம்.

இனி குறைகள். தமிழ் ஆய்வேடுகளைத் தேடுவது படு சிரமம். தலைப்பு சில இடங்களில் தமிழ் எழுத்தில் இருக்கிறது, சில இடங்களில் ஆங்கில எழுத்தில். குறுந்தொகை என்று தமிழில் அடித்தால் வராதது, ஆங்கில எழுத்தில் 'க'வுக்கு ஒரு தடவை கே, ஒரு தடவை ஜி என்று மாற்றி மாற்றி அடித்தால் வருகிறது. தேடியதும் "இந்தத் தலைப்பில் யாரும் செய்யவில்லை" என்று முடிவு கட்டிவிடாதீர்கள். துறை வாரியாகப் பட்டியலைத் திறந்து கண்ணால் ஓட்டிப் பாருங்கள்.

அதைவிடப் பெரிய குறை கோப்புகளின் தரம். பழைய ஆய்வேடுகள் ஸ்கேன் செய்த படங்கள். சில பக்கங்கள் சாய்ந்திருக்கும், ஓர எழுத்து வெட்டுப்பட்டிருக்கும். கணினியில் தட்டச்சானவையும் யூனிகோடு என்ற பொது எழுத்துக் குறியீட்டில் அல்லாமல் வேறு எழுத்துருவில் இருந்தால், ஒரு பத்தியை நகலெடுத்து ஒட்டும்போது புரியாத குறிகளாக வந்து விழுகின்றன. ஆக, உள்ளே சொல் தேட முடியாது. இது வசதிக் குறைவோடு நிற்கிற விஷயமில்லை. 2018 இன் கருத்துத் திருட்டு விதிப்படி பிறர் எழுத்தோடு ஒப்புமை 10 விழுக்காட்டுக்குள் இருந்தால் தண்டனை இல்லை, மேலே போனால் திருத்தித் தர வேண்டும், இன்னும் போனால் பதிவே ரத்தாகலாம். படமாகக் கிடக்கும் பக்கத்தோடு மென்பொருள் எதை ஒப்பிடும்? பழைய ஆய்வேட்டை அப்படியே பார்த்து எழுதியவர் தப்பிக்கவும், கள ஆய்வுக்கு ஊர் ஊராக அலைந்து எழுதியவரின் உழைப்பு கண்ணுக்குத் தெரியாமல் போகவும் இதுவே வழி செய்கிறது. எனக்கு இது நிஜமாகவே வலிக்கிறது.

அப்புறம், எல்லாப் பல்கலைக்கழகமும் ஒரே வேகத்தில் ஏற்றுவதில்லை. போன ஆண்டு வாய்மொழித் தேர்வு முடித்தவருடைய ஆய்வேடு இங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம். நடந்துகொண்டிருக்கும் ஆய்வுகளின் சுருக்கங்களுக்கு ஷோத்கங்கோத்ரி என்று தனித்தளம் உண்டு. தலைப்பைப் பதிவு செய்யும் முன் அதையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

ஒன்று சொல்லியே ஆக வேண்டும்: இங்கே இருப்பதெல்லாம் நல்ல ஆய்வேடு இல்லை. கதைச் சுருக்கத்தையே இயல் இயலாக எழுதியவையும் இருக்கின்றன. பட்டம் கிடைத்துவிட்டது என்பதற்காக அவற்றை மாதிரியாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நெறியாளரிடம் கேட்டு, நல்லவை என்று அவர் சொல்லும் இரண்டு மூன்றை முழுதாகப் படியுங்கள்.

ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். குறைத்த ஒன்று தமிழ்க் கோப்புகளுக்காக. அதைத் திருத்துவது காந்திநகரின் கையில் மட்டும் இல்லை. ஆய்வேட்டை வாங்கும்போது யூனிகோடில் தட்டச்சு செய்த கோப்புதான் வேண்டும் என்று நம் பல்கலைக்கழகங்கள் சமர்ப்பிப்புப் படிவத்தில் ஒரு வரி சேர்த்தால், இனி வருகிற ஆய்வேடுகளாவது தேடினால் கிடைக்கும்.