அமெரிக்க வார்டு தேர்தலுக்கு வேலூரில் டிசைன்: சத்துவாச்சாரி கடை ஒன்றின் வேலை எப்படி?

ஆம்பூர், மேல்விஷாரம், வாணியம்பாடி முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளைகள் அமெரிக்கக் குடியுரிமை வாங்கி, அங்கே ஸ்கூல் போர்டுக்கோ நகர மன்றத்துக்கோ நிற்கும்போது டிசைன் வேலையை ஊருக்கு அனுப்புவது உண்டு. அச்சு அங்கே, ஃபைல் இங்கே. சத்துவாச்சாரியில் ஒரு மாடியில் இயங்கும் இந்த டிடிபி கடை அந்த வேலையை எடுக்கிறது. குறையும் சொல்லப் போவதால் கடையின் பெயர் வேண்டாம். அச்சு ஒழுங்குக்குப் பத்துக்கு எட்டு தரலாம். வேட்பாளர் முஸ்லிம் என்பதைக் கையாளும் விதத்துக்கு நாலுக்கு மேல் தர மனம் வரவில்லை.

முதலில் யார்ட் சைன், அதாவது வீட்டு முன் புல்வெளியில் குத்தி வைக்கும் அட்டை. 24×18 அங்குலம், 4 மில்லிமீட்டர் கோரோபிளாஸ்ட், அதாவது உள்ளே குழல் ஓடும் பிளாஸ்டிக் அட்டை. அந்த அட்டைக்குள் ஓடும் குழல்கள் மேலிருந்து கீழாக இருந்தால்தான் தரையில் குத்தும் கம்பி ஏறும். குறுக்கே ஓடினால் அடித்த அத்தனையும் வீண். கடை இதை ஆர்டர் குறிப்பிலேயே எழுதி அனுப்பிவிடுகிறது. ஃபிளெக்ஸ் மட்டும் அடித்துப் பழகியவர்களிடம் இந்தக் கவனத்தை எதிர்பார்க்க முடியாது.

எழுத்து அளவில்தான் தகராறு ஆரம்பம். 10 அடி தூரத்துக்கு 1 அங்குலம் என்பது கணக்கு. 50 அடியில் போகும் காரிலிருந்து படிக்க 5 அங்குல உயரம் வேண்டும். அப்படியானால் அட்டையில் இரண்டு வரிதான். முகம்மது என்று தொடங்கும் நீளமான பெயர் வந்தால் கடை உடனே ‘மோ’ என்று சுருக்கித் தருகிறது. இடம் மிச்சம், ‘அந்த ஊர்க்காரங்களுக்கும் பயமில்லை’ என்பது அவர்கள் வாதம். ஆனால் வாக்குச் சீட்டில் இருப்பது வேட்பாளர் பதிவு செய்த பெயர். அட்டையில் ஒன்று, சீட்டில் ஒன்று என்றால் ஓட்டுப் போட வந்தவரே தடுமாறுவார். எதிராளி எப்படியும் முழுப் பெயரையும் கொட்டை எழுத்தில் போடத்தான் போகிறார். குடும்பப் பெயரைப் பெரிதாக ஒரு வரி, முதல் பெயரைச் சற்றுச் சிறிதாக ஒரு வரி என்று கேட்டு வாங்குங்கள்.

அடுத்தது படம். அமெரிக்க அச்சகங்கள் பெரும்பாலும் கிராகோல் வண்ணத் தரத்தைக் கேட்கும். இங்கே பலர் ஐரோப்பியத் தரமான ஃபோக்ராவில் மாற்றி அனுப்பிவிடுவார்கள். கடை சரியாகவே செய்கிறது. மாநிறத் தோலில் மஞ்சள், மெஜந்தாவைவிடக் கொஞ்சம் கூட இருக்க வேண்டும். சயான் என்னும் நீல மை, மெஜந்தாவில் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பு 5 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் கோட்டிங் இல்லாத தாளில் மை பரவி முகம் புழுதி படிந்தது போல் ஆகும், தாடி ஒரே கறுப்புத் திட்டாகும். எதிர்த்தரப்பு வேண்டுமென்றே செய்வதும் இதைத்தான். 2025 ஜூனில், நியூயார்க் மேயர் உட்கட்சித் தேர்தலின்போது, முன்னாள் ஆளுநர் கியூமோவை ஆதரித்த அமைப்பின் மெயிலர் (தபாலில் அனுப்பும் பிரச்சார அட்டை) மாதிரி ஒன்றில், அவரை எதிர்த்த முஸ்லிம் வேட்பாளர் ஜோஹ்ரான் மம்தானியின் தாடி அடர்த்தியாகவும் கருமையாகவும் தெரிந்தது. விற்பனையாளர் தந்த மாதிரி அது, அச்சுக்குப் போகாமல் நிராகரித்துவிட்டோம் என்றது அமைப்பு. மம்தானி நவம்பரில் ஜெயித்தார்.

கடைக்காரர் இதற்குப் பயந்து எதிர்ப்பக்கம் சாய்கிறார்: முகத்தை வெளுக்கிறார், தாடியை மென்மையாக்குகிறார், ஹிஜாபைத் தோள் வரை வெட்டிச் சுருக்குகிறார். சொல்லாமல் விட்டாலோ வாணியம்பாடி வார்டு நோட்டீஸ் பாணி: பச்சைப் பின்னணி, பிறை, தொப்பி. அங்கே எதிர் வேட்பாளரும் முஸ்லிமாக இருக்கலாம், யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். அமெரிக்காவில் அதே பிறையை மட்டும் வெட்டியெடுத்து அடுத்த வாரம் எதிராளி மெயிலரில் போடுவார். இரண்டுமே வேண்டாம். ‘வண்ணம் மட்டும் திருத்தவும், உருவத்தைத் தொட வேண்டாம்’ என்று முதல் மெயிலிலேயே எழுதிவிடுங்கள். பின்னணியில் பள்ளிப் பேருந்தோ பள்ளம் விழுந்த ரோடோ இருக்கட்டும்.

பயம் வீண் என்று சொல்ல முடியாது. பதவிக்கு மதச் சோதனை கூடாது என்று அமெரிக்க அரசியலமைப்பின் ஆறாம் பிரிவு சொல்கிறது, ஆனால் அது வாக்காளரின் மனதைக் கட்டுப்படுத்தாது. 2019 கேலப் கணிப்பில், தகுதியுள்ள முஸ்லிம் ஒருவரைத் தங்கள் கட்சி அதிபர் வேட்பாளராக நிறுத்தினால் ஓட்டுப் போடுவோம் என்றவர்கள் 66 சதவீதம். அதே ஆண்டு ஜனவரியில் டெக்சாஸின் டாரன்ட் கவுண்டி குடியரசுக் கட்சியில், அறுவை மருத்துவரும் சவுத்லேக் நகர மன்ற உறுப்பினருமான ஷாஹித் ஷஃபியை முஸ்லிம் என்பதற்காகத் துணைத் தலைவர் பதவியிலிருந்து நீக்கச் சொந்தக் கட்சிக்காரர்களே வாக்கெடுப்புக் கொண்டுவந்தார்கள். 139-49 என்று அவர் தப்பினார். 2017இல் நியூஜெர்சியின் ஹோபோகன் நகரில் மேயர் வேட்பாளர் ரவி பல்லாவின் படத்தோடு பயங்கரவாதம் என்ற வார்த்தை போட்ட நோட்டீஸ் கார் கண்ணாடிகளில் செருகப்பட்டது. அவர் முஸ்லிமே அல்ல, சீக்கியர். தலைப்பாகையும் தாடியும் போதுமாக இருந்தன. இன்னொரு வேட்பாளரின் மெயிலரைத் திருத்தி அது தயாரிக்கப்பட்டிருந்தது. நீங்கள் வெளியிட்ட ஒவ்வொன்றின் மூல பிடிஎஃப்பும் தேதியோடு கையில் இருக்க வேண்டும். இந்தக் கடை தேதிவாரியாக எடுத்து வைத்துத் தருகிறது. அதற்கு முழு மதிப்பெண்.

மெயிலரில் ஒரு கோளாறு. பெயர் போடாமல் தெருவில் எல்லா வீட்டுக்கும் போடும் தபால் திட்டத்துக்கு நீளம் 10.5 அங்குலத்தையோ உயரம் 6.125 அங்குலத்தையோ தாண்ட வேண்டும். கடையின் வழக்கமான 6×9 இரண்டையும் தாண்டாது, தபால் நிலையத்தில் திருப்பிவிடுவார்கள். 6.25×9 அல்லது 6×11 கேளுங்கள். கட்டுகளில் அரசியல் தபாலுக்கான சிவப்பு 57ஆம் எண் டேக் போடச் சொல்லி அங்குள்ளவருக்கும் நினைவூட்டுங்கள். பணம் யார் கட்டியது என்ற வரி மாநிலத்துக்கு மாநிலம் மாறும். டெக்சாஸில் அது அரசியல் விளம்பரம் என்றும் சேர்த்துப் போட வேண்டும். தேர்தல் நோட்டீஸில் அச்சகத்தின் பெயர் வேண்டும் என்னும் நம் சட்டத்தின் 127ஏ பிரிவுப் பழக்கத்தில், கடை அந்த வரியை வார்ப்பிலேயே (டெம்ப்ளேட்) வைத்திருக்கிறது, அதை எடுக்கச் சொல்லுங்கள்.

உருது நன்றாக வருகிறது, ஆம்பூர் தட்டச்சாளர் கைவண்ணம். அரபி வேண்டாம்: காஃப், ஹே எழுத்துகளின் உருது வடிவத்தையே அதிலும் போட்டுவிடுகிறார்கள். அரபு மக்கள் அதிகம் வாழும் மிச்சிகன் மாநில டியர்போர்ன் வாக்காளர் பார்த்த மாத்திரத்தில் பிடித்துவிடுவார்.

அவதூறு நோட்டீஸ் தேர்தலுக்கு முந்தைய கடைசி வியாழன், வெள்ளியில்தான் வரும். தபாலில் பதில் சொல்ல நேரமிருக்காது. வீடு வீடாகத் தர 4×9 அட்டையின் காலி வார்ப்பு அக்டோபர் முதல் வாரமே தயாராக இருக்க வேண்டும். கடை அதைச் செய்து தருகிறது, கேட்டால். ஆனால் தீபாவளிக்கு ஷட்டர் இறங்கிவிடும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31, அங்கே தேர்தல் நவம்பர் 5. அதோடு நவம்பர் முதல் ஞாயிறு கடிகாரம் மாறி, கிழக்குக் கரையோடு ஒன்பதரை மணி வித்தியாசம் பத்தரை ஆகிவிடும். கடை மூடும் நேரம் அங்கே ஒரு மணி நேரம் முன்பே வந்துவிடும், காலையில் திருத்தம் சொல்லலாம் என்று இருப்பவர் அந்த ஒரு மணி நேரத்தை இழப்பார்.

கட்டணம் நியாயம்தான். ‘நம்ம பையன், பாதி கொடுத்தா போதும்’ என்று கடைக்காரர் சொன்னால் மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். வெளிநாட்டவர் தரும் பணம், பொருள், சலுகை விலை எதுவும் அமெரிக்கத் தேர்தலில் கூடாது. ஸ்கூல் போர்டுக்கும் இதே சட்டம். எந்த மெயிலர் எப்போது போக வேண்டும் என்ற முடிவிலும் கடை தலையிடக் கூடாது. மற்ற வாடிக்கையாளருக்குப் போடும் அதே விலையில், பிரச்சாரக் கமிட்டி பெயரில் பில் வாங்கிக்கொள்ளுங்கள்.